கணக்கு, அறிவியல் வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்பது?

கடைமடை_வாத்தியார்:
எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. 6 முதல் 8 வரை கணக்கு, அறிவியல் இரண்டும் என்னிடம்தான். அண்மையில் வட்டார வள மையப் பயிற்சியில் கருத்தாளர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: கற்றல் மாணவரை மையமாகக் கொண்டது, ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே, பேச்சைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளைச் செய்ய விடுங்கள். மறுக்கவில்லை. ஆனால் என் ஏழாம் வகுப்பில் 38 பேர். ஒரு பெண்ணுக்குப் பார்வை மிகக் குறைவு, முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பலகையில் இருப்பது தெரியாது. ஒரு பையன் காதுக்கருவி போட்டிருக்கிறான். நாலைந்து பேர் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், அவர்களில் ஒருவன் நெல் மூட்டைக் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்லிவிடுவான். இவர்களைக் குழுவாக உட்கார வைத்துவிட்டு நான் ஒதுங்கினால் யார் செய்வார்கள், யார் வேடிக்கை பார்ப்பார்கள் என்று இப்போதே எழுதித் தருகிறேன். அடுத்து பின்னம் வருகிறது, எட்டாவதுக்கு அமிலம் காரம். தத்துவம் வேண்டாம். திங்கட்கிழமை வகுப்புக்குள் போய் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்.

சம்பா_தாளடி:
சார், நேராகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நான் திருவாரூர் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். நீங்கள் எட்டாவது வரை என்ன வேண்டுமானாலும் பரிசோதனை செய்யலாம், பத்தாவதில் பிள்ளை என்னிடம் வந்து நிற்கும். கணக்கில் 35 வாங்க வைக்க எனக்குத் தெரிந்த வழி, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண், அதைக் கை வலிக்க வலிக்கப் போட வைப்பது, மிச்சத்துக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு. இது கல்வியா என்று கேட்காதீர்கள். முன்பு பத்தாவது தவறினால் நடவுக்கோ அறுப்புக்கோ போகலாம், இன்று அறுப்பு முழுக்க இயந்திரம், நடவிலும் பாதி அதுதான். அந்தப் பையனுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் ஊரிலும் வேலை இல்லை, திருப்பூரிலும் மதிப்பில்லை. யாரையும் வெளியே விடாமல் சேர்த்துக்கொள்வது, அதாவது உள்ளடக்கிய கல்வி என்று அவனுக்கு நான் செய்வது இந்த 35தான்.

மன்னை_டீச்சர்:
சம்பா தம்பி சொல்வதில் அக்கறை இருக்கிறது, அதனால் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இந்த 'ஒதுங்கி நில்' என்ற பேச்சு புதிதல்ல என்பதால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவில் உள்ள ரிஷி வேலி பள்ளியில் உருவான முறையைத் தழுவியது. சுவர் ஓரம் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்வான கரும்பலகை, அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் கற்றல் ஏணி, பாயில் வட்டமாக உட்காருதல். எனக்கு அந்தப் பலகை மிகவும் பிடிக்கும். ஆசிரியர் மட்டும் எழுதுகிற இடம் என்பது போய் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு பங்கு வந்தது.

ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் அது இரண்டு விதமாகப் போனது. சில இடங்களில் டீச்சர் அட்டை எடுத்துக் கொடுத்து, முடித்ததா என்று குறித்து, அடுத்த அட்டை கொடுக்கிறவராக மாறிவிட்டார். பிள்ளை ஏணியில் ஏறியது, கணக்கு ஏறவில்லை. சில இடங்களில் டீச்சர் பாயில் உட்கார்ந்து, இந்த விடை எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே பிள்ளைகள் நன்றாக வந்தார்கள். அட்டை ஒன்றுதான். இப்போது தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். அதிலும் இதே கதைதான் நடக்கும். நிலை பிரிப்பது பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான், ஆண்டு முழுக்க அங்கேயே நிறுத்தி வைக்க இல்லை.

உங்கள் பின்னத்துக்கு வருகிறேன். அரையும் காலும் கூட்டச் சொல்லுங்கள். மேலே 1+1, கீழே 2+4, ஆக 2/6 என்று பாதி வகுப்பு எழுதும். உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை என்னிடம், "ரெண்டு பேரில் ஒருத்தர் வந்தார், நாலு பேரில் ஒருத்தர் வந்தார், மொத்தம் ஆறு பேரில் ரெண்டு பேர் வந்திருக்காங்க, சரிதானே டீச்சர்?" என்றாள். யோசித்துப் பாருங்கள், அவள் சொன்ன கதைக்கு அந்த விடை சரி! பின்னத்தைக் கூட்டுவது என்பது வேறு கதை, அவ்வளவுதான். இந்த இடத்தில் விதியைச் சொன்னால் எழுதிக்கொள்வாள், மாறமாட்டாள். நம் ஊர் நில அளவான மா, குழியை எடுங்கள். ஒரு மாவுக்கு 100 குழி. அரை மா 50 குழி, கால் மா 25 குழி, சேர்த்தால் 75. இப்போது 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு, 33 குழி சொச்சம். அரை மாவோடு கால் மாவைச் சேர்த்தால் அரை மாவை விடக் குறைந்து போகுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒதுங்கி நிற்பது என்றால் எனக்குத் தெரிந்து அந்த ஒரு நிமிடம்தான். அதற்கு முன்னால் எந்தக் கணக்கைக் கொடுப்பது, எந்தத் தவறை வெளியே இழுப்பது, எந்த எதிர்க்கேள்வி என்பதெல்லாம் ஆசிரியர் வேலை, அது சொற்பொழிவை விட அதிக வேலை.

குடந்தைக்காரர்:
மா, குழி என்றதும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. 20 மா ஒரு வேலி, பழைய பின்னத்திலும் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மண் இது. ராமானுஜன் வளர்ந்த ஊர் எங்கள் கும்பகோணம். மற்ற பாடங்களில் தேறாததால் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் அவர். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ராமானுஜன் இருக்கலாம் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

மன்னை_டீச்சர்:
அண்ணே, கோபிக்காதீர்கள், ராமானுஜனை இதில் இழுத்தால் பேச்சு திசை மாறிவிடும். அவர் பள்ளியில் கணக்கில் பரிசு வாங்கியவர், அவரை யாரும் பின்பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. ஒரு மேதையைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எல்லோருக்கும் இடம் கொடுப்பது வேறு. 40 மார்க் எடுக்கப் போகிற பிள்ளைக்கும் அந்தக் கணக்கு புரிய உரிமை இருக்கிறது என்பதற்காக இடம் கொடுப்பது வேறு.

நடவாள்_மகன்:
டீச்சர், மா குழி உதாரணம் அருமை. ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். என் அம்மா நடவாள். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி கிடையாது. ஆறாவதில் ஒரு வாத்தியார், கணக்கை வாழ்க்கையோடு இணைக்கிறேன் என்று, "உங்க வீட்டுல எத்தனை மா?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் "இல்லை சார்", "இல்லை சார்" என்று சொல்லி உட்கார்ந்தோம். அந்தப் பாடம் எதைப் பற்றி என்று எனக்கு நினைவில்லை, யார் யார் எழுந்து நின்றார்கள் என்பது நினைவிருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை, நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

டெல்டாவில் நிலம் என்பது வெறும் உதாரணம் இல்லை. "உங்க வயல்" என்று கேட்காமல் "ஒரு வயல்" என்று கேட்டால் கணக்கு அப்படியே இருக்கும், யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. வெளியில் இருந்து வரும் பயிற்சிக் கையேடு இதைச் சொல்லாது, ஊரைத் தெரிந்த ஆசிரியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு கணக்கு தருகிறேன், சொந்த நிலம் இருப்பவன், சுமை தூக்குகிறவன் இரண்டு பேர் வீட்டிலும் தெரிந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு, மழைக் காலத்தில் தளர்த்துவார்கள். மூட்டை 40 கிலோ. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 40 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காய வைத்தால் எடை எவ்வளவு குறையும்? 5 சதவீதம்தானே, 2 கிலோ என்று பெரியவர்களே சொல்வார்கள். சரியான விடை ஏறக்குறைய 2.4 கிலோ. தண்ணீர் போக மிச்சம் 31.2 கிலோ, அது மாறாது, காய்ந்த பிறகு அது மொத்தத்தில் 83 சதவீதம், அப்படியானால் மொத்தம் 37.6 கிலோ. எட்டாம் வகுப்பில் இதைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அடிதடி நடக்கும்.

உப்பளம்:
வேதாரண்யத்தில் இருந்து. மேலே தம்பி எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் விஷயத்தைச் சொல்லத் தோன்றியது. ஆவியாதல் பாடம் வந்தால் எல்லாப் புத்தகத்திலும் ஒரு படம் இருக்கும், கிண்ணம், விளக்கு, உப்பு. எங்கள் பள்ளிக்கு வெளியே உப்புப் பாத்தி. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்கு டிகிரி மீட்டர் தெரியும், தண்ணீரில் மிதக்க விட்டு அதன் அடர்த்தி (சூடு இல்லை) எத்தனை டிகிரி என்று பார்ப்பது. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரியில் இருக்கும், ஏறி ஏறி 25 பக்கம் வரும்போது உப்பு விழும். அதற்கு முன்பே ஜிப்சம் பெரும்பகுதி படிந்துவிடும். முப்பது பக்கம் போவதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு வந்துவிடும். இது கரைதிறன் பாடம் முழுக்க.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு ஆசிரியர் இதைக் கேட்டு மகிழ்ந்து, உப்பு பற்றி எது வந்தாலும் அதே இரண்டு பிள்ளைகளை எழுப்ப ஆரம்பித்தார். அவர்களுக்கு உப்பளப் பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது. தெரிந்ததைச் சொல்ல வைப்பது ஆரம்பம்தான். ஜிப்சம் ஏன் முதலில் விழுகிறது என்ற கேள்விக்கு அப்பாவின் அனுபவம் விடை சொல்லாது, அங்கே ஆசிரியர் வந்துதான் ஆக வேண்டும். கரைதிறன் அட்டவணையைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்துச் சொல் என்று வேலை வாங்க வேண்டும். அப்புறம் அதே பிள்ளையை மின்னோட்டப் பாடத்திலும் எழுப்ப வேண்டும்.

விரல்நுனி:
வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவன், தஞ்சாவூரில் வங்கி வேலை. ஐந்தாவது வரை சிறப்புப் பள்ளி, பிறகு சாதாரணப் பள்ளி. கடைமடை சார், உங்கள் வகுப்புப் பெண்ணுக்காக எழுதுகிறேன்.

என் கணக்கு வகுப்பில் ஆசிரியர் பலகையைப் பார்த்து, "இதை இதால வகுத்தா இது வரும், இத இங்க கொண்டு போ" என்பார். எனக்கு அந்த வகுப்பு முழுக்க 'இது'தான். அடுத்த ஆண்டு வந்தவர் எழுதுவதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார். "மேலே மூன்று, கீழே நான்கு, கூட்டல் குறி, மேலே ஒன்று, கீழே இரண்டு." எனக்காகத் தொடங்கினார், ஆனால் நோட்டு எழுத முடியாமல் திணறும் பையன்களுக்கும் அது உதவியது என்று அவர்களே சொன்னார்கள். காசு செலவில்லை, பயிற்சி தேவையில்லை. டெய்லர் சட்டம் (தொட்டுப் பார்த்துக் கணக்குப் போடும் பலகை), மணிச்சட்டம் எல்லாம் கிடைத்தால் நல்லது, கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். வரைபடத்துக்குத் தெர்மாகோல் பலகை, குண்டூசி, நூல் போதும். x அச்சு ஒரு நூல், y அச்சு ஒரு நூல், புள்ளிக்கு ஊசி. விரலை வைத்துப் பார்த்தால் சாய்வு என்றால் என்ன என்று எனக்கு உங்களை விட நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. பத்தாவது நெருங்கும்போது விலக்கு, சலுகை, எளிய வழி என்று நல்ல மனத்தோடு பேச வருவார்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அவள் உரிமை, கேட்டு வாங்குங்கள். ஆனால் கணக்கே வேண்டாம் என்று ஏழாவதிலேயே நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். மரியாதையோடு வெளியே அனுப்புவதும் வெளியே அனுப்புவதுதான்.

அமிலம் காரத்துக்கு வழி இருக்கிறது. லிட்மஸ் நிறம் பார்க்க வேண்டியது, வெங்காயம் முகர வேண்டியது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, மெல்லிய துணித் துண்டுகளோடு ஒரு டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். மறுநாள் ஒரு துண்டில் நீர்த்த அமிலமும் இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் சில சொட்டு விட்டு, நீரில் அலசி, முகரக் கொடுங்கள். காரத்தில் வெங்காய வாசம் போய்விடும், அமிலத்தில் இருக்கும். சொட்டு விடுவதும் அலசுவதும் நீங்கள் செய்யுங்கள், பிள்ளைகள் கையில் காரத்தைக் கொடுக்க வேண்டாம். முழு வகுப்பும் கண்ணை மூடிக்கொண்டு செய்யட்டும். பச்சை, ஆரஞ்சு பிரித்தறிய முடியாத ஒரு பையனும் உங்கள் வகுப்பில் இருக்கலாம், இதுவரை யாருக்கும் தெரியாமல் பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பான்.

வாரம்_ஒருமுறை:
நான் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். ஒன்றியத்தில் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் ஒரு பள்ளிக்கு வாரம் ஒருமுறை போனாலே பெரிது. நான் வாசலில் வண்டியை நிறுத்தியதும், "மேடம் வந்துட்டாங்க, உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அந்தப் பிள்ளையோடு வராந்தாவில் உட்கார்வேன், உள்ளே வகுப்பு நடக்கும். இதற்குப் பெயர் உள்ளடக்கிய கல்வி!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 21 வகைக் குறைபாடுகள் அதில் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று, எண்களோடு மட்டும் வருகிற சிக்கலும் அதற்குள் அடங்கும். ஆனால் கணக்கில் மார்க் குறைந்தவனுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள். பள்ளிக்குச் சரியாக வராததால் பின்தங்கியவன் வேறு, வாசிக்கத் தெரியாததால் கணக்கு புரியாதவன் வேறு. கடைமடை சார் சொன்ன, மூட்டைக் கணக்கு மனத்தில் போடுகிற பையனுக்கு எண்ணில் சிக்கல் இல்லை, எழுத்தில்தான். அவனுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டுங்கள், அவ்வளவுதான். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயர் இருந்தால் அடித்துவிடுங்கள்.

காதுக்கருவி போட்ட பையனுக்கு: பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், உங்கள் வாய் அவனுக்குத் தெரிய வேண்டும். பின்னால் இருந்து வேறு பிள்ளை விடை சொன்னால் நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். கடகடவென்று ஓடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைக்காதீர்கள், கருவி அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். விரல்நுனி சார் சொன்னபடி சொல்லிக்கொண்டே எழுதுவதற்கும் இதற்கும் முட்டும், எனக்குத் தெரியும். சொல்லி முடித்து, திரும்பி எழுதி, மீண்டும் இவர்கள் பக்கம் திரும்பி வாசியுங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. அப்புறம் என் பங்குக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த வாரம் என்ன பாடம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். நான் அதற்கான பொருளைச் செய்துகொண்டு வந்து உங்களோடு வகுப்புக்குள் நிற்கிறேன்.

சம்பா_தாளடி:
எல்லாம் சரி. 45 நிமிடப் பிரிவேளையில் வருகை, ஆப்பில் பதிவு, நோட்டுத் திருத்தம் போக எனக்கு மிஞ்சுவது 30. அதில் வெங்காயத்தை முகர வைத்துக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்? ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மன்னை_டீச்சர்:
ஈராசிரியர் பள்ளி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்குச் சொல்கிறதே தவிர, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்லவில்லை. 60 பிள்ளை வரை, ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்தான். அதை ஆசிரியரின் நல்ல மனத்தால் ஈடுகட்ட முடியாது, ஆள் போட வேண்டும். ஆனால் உங்கள் பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரே தம்பி. எல்லாப் பாடத்துக்கும் வெங்காயம் வேண்டாம். ஒரு பாடத்துக்கு ஒரு நல்ல கேள்வி போதும்.

ஏழாவது_அப்பா:
நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். எல்லோரும் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் நன்றாகப் படிப்பாள். குழுவேலை என்றால் அவள்தான் லீடர், அவளே எழுதி, அவளே வரைந்து, அவளே எழுந்து சொல்கிறாள். மற்ற நான்கு பேர் கதை பேசுகிறார்கள். அவள் புதிதாக என்ன கற்கிறாள்?

நடவாள்_மகன்:
நியாயமான கேள்வி சார். அந்த நான்கு பேருக்கும் அதே நஷ்டம்தான். லீடர் என்ற பதவியையே எடுத்துவிடச் சொல்லுங்கள். குழு முடித்த பிறகு, யார் எழுந்து விளக்க வேண்டும் என்று ஆசிரியர் அப்போது கை காட்ட வேண்டும். அவன் சொல்ல முடியாவிட்டால் குழுவுக்கே இன்னும் ஐந்து நிமிடம். அப்போது உங்கள் மகளுக்கு வேலை, விடை எழுதுவது இல்லை, பக்கத்தில் இருப்பவனுக்குப் புரிய வைப்பது. அது அவளுக்கும் கடினம்தான், நான் இப்போது டியூஷன் எடுப்பதால் சொல்கிறேன்.

கடைமடை_வாத்தியார்:
நிறைய எடுத்துக்கொண்டேன், எல்லோருக்கும் நன்றி. சொல்லிக்கொண்டு எழுதுவது நாளை முதலே. "உங்க வயல்" இனி கிடையாது. எட்டாவதுக்கு முகர்வதற்கு முன்னால் ஒரு கணக்கும் யோசித்து வைத்திருக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்புச் செய்தி எங்கள் கடைமடையில் எல்லா வீட்டிலும் பேசுவார்கள், அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று பிள்ளைகளுக்கும் மனப்பாடம், ஆனால் வினாடிக்கு இத்தனை கன அடி என்பதற்கும் டி.எம்.சி.க்கும் என்ன உறவு என்று பெரியவர்களுக்கே தெரியாது. வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் எத்தனை டி.எம்.சி.? ஒரு நாளுக்கு 86,400 வினாடி, ஆக 0.864. முதலில் எல்லோரும் ஊகம் சொல்ல வேண்டும், எழுதத் தெரியாதவனும் சொல்லலாம், பிறகுதான் பெருக்கல். பெரிய எண், அடுக்குக்குறி எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

ஒரே இடத்தில் மட்டும் சம்பா சாரோடு நிற்கிறேன். தேர்வுத் தாள் மாறாதவரை இதெல்லாம் பாதிதான். அதனால் என் வகுப்புத் தேர்வில் இந்த முறை ஒரு கேள்வி, தவறான விடையைக் கொடுத்து எங்கே தவறியது என்று கேட்பது. வாயால் சொன்னாலும் மதிப்பெண் உண்டு. தாளைத் தயாரித்ததும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

சம்பா_தாளடி:
போடுங்கள் சார். அந்த நெல் ஈரப்பதக் கணக்கையும் சேர்த்து. ஒன்பதாவதில் கொடுத்துப் பார்க்கிறேன், அரையாண்டு முடிந்த பிறகு. கையேட்டை விடப் போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விரல்நுனி:
சார், படமாகப் போடாதீர்கள், என் திரைவாசிப்பான் படத்தில் இருக்கும் எழுத்தைச் சரியாக வாசிக்காது. தட்டச்சு செய்து போடுங்கள். பின்னத்தில் சாய்கோடு வந்தால் சில நேரம் தேதி என்று நினைத்து வாசிக்கும், அதனால் பக்கத்தில் எழுத்தாலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.